செவிலியர் கல்வியில் பயிற்சி மருத்துவமனைத் தேர்வு

செவிலியப் படிப்பின் பெரும்பகுதி வகுப்பறையில் அல்ல, நோயாளியின் கட்டிலருகே நடக்கிறது. 'கிளினிக்கல் போஸ்டிங்' என்று மாணவர்கள் சொல்லும் இந்தப் பயிற்சிக்கு அவர்களை எந்த மருத்துவமனைக்கு, எந்த வார்டுக்கு, எத்தனை வாரம் அனுப்புவது என்பதைப் பள்ளி அல்லது கல்லூரி முதல்வர் முடிவு செய்கிறார். இந்தியாவில் இதற்கான குறைந்தபட்ச விதிகளை இந்திய செவிலியர் மன்றம் வகுத்தது. தமிழ்நாட்டுப் பட்டப்படிப்புக் கல்லூரிகளில் பெரும்பாலானவை டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் உள்ளன.

லண்டனில் தொடக்கம்

கிரிமியப் போர்ப் பணிக்காக ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலைப் பாராட்டி 1855இல் தொடங்கப்பட்ட நிதிக்குச் சுமார் 45,000 பவுன் சேர்ந்தது. செவிலியர் பயிற்சிக்கென்றே திரட்டிய பணம் அது. இருந்தும் பள்ளி திறக்க ஐந்தாண்டு ஆனது. நைட்டிங்கேலின் உடல்நலக் குறைவும் ராணுவச் சுகாதார ஆணைய வேலைகளும் ஒரு காரணம். எந்த மருத்துவமனையில் தொடங்குவது என்று முடிவாகாதது இன்னொரு காரணம்.

கடைசியில் தெம்ஸ் ஆற்றின் தென்கரையில், சவுத்தார்க்கில் இருந்த செயின்ட் தாமஸ் மருத்துவமனை தேர்வாயிற்று. கட்டடத்தைப் பார்த்து எடுத்த முடிவு அல்ல அது. 1854 முதல் அங்கே மேட்ரனாக இருந்த சாரா வார்ட்ரோப்பரை நம்பி எடுத்தது. அவர் பிள்ளைகளோடு கைம்பெண்ணாகி, நாற்பது வயதைக் கடந்தபின் வேலைக்கு வந்தவர்; செவிலியப் பயிற்சி எதுவும் பெறாதவர். ஆனால் குடித்துவிட்டு வார்டுக்கு வரும் பணிப்பெண்களை ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர் என்று பெயர் எடுத்திருந்தார். மருத்துவமனையில் தங்கிப் பணியாற்றிய மருத்துவ அலுவலர் விட்ஃபீல்டும் திட்டத்துக்குத் துணை நின்றார்.

எதிர்ப்பும் உள்ளிருந்தே வந்தது. அதே மருத்துவமனையின் மூத்த அறுவை மருத்துவர் ஜான் ஃபிளின்ட் சவுத், 1857இல் வெளியிட்ட சிறுநூலில், வார்டு பணிப்பெண்கள் வீட்டு வேலைக்காரிகளைப் போன்றவர்களே, அவர்களுக்குத் தனிப் பள்ளி எதற்கு என்ற பொருள்பட வாதிட்டார். பயிற்சி மருத்துவமனையைத் தேர்வு செய்வதில் மருத்துவர்களின் விருப்பு வெறுப்புக்கு உள்ள பங்கை அவரது வாதம் காட்டுகிறது.

1860 ஜூலையில் 15 பெண்களோடு பள்ளி தொடங்கியது. பயிற்சி பெறும் ஒவ்வொருவருக்கும் ஒரு மாதாந்திரப் படிவம் இருந்தது. நேரம் தவறாமை, அமைதி, நம்பகத்தன்மை, உடைத் தூய்மை என நடத்தைக்குத் தனிக் கட்டங்கள். கட்டுப் போடுதல், படுக்கை விரித்தல், நோயாளியைக் கவனித்துச் சொல்லுதல் போன்ற வேலைகளுக்குத் தனிக் கட்டங்கள். இன்று நம் கல்லூரிகளில் வார்டு போஸ்டிங் முடிந்ததும் நிரப்பும் மதிப்பீட்டுத் தாள் இதன் வாரிசு. 'தூய்மை', 'நேரம் தவறாமை' என்ற கட்டங்கள் அதில் இன்றும் உள்ளன.

பள்ளி தொடங்கி இரண்டாண்டிலேயே மருத்துவமனை இடம் மாறியது. ரயில் பாதைக்காக மனை கையகப்படுத்தப்பட்டதால் 1862இல் சர்ரே தோட்டத்தில் தற்காலிகமாகக் குடியேறினார்கள். லாம்பெத்தில் புதிய கட்டடம் 1871இல்தான் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளும் பயிற்சி தற்காலிக வார்டுகளிலேயே நடந்தது. லிவர்பூல் ஏழையர் இல்ல மருத்துவமனையைச் சீர்திருத்திய ஆக்னஸ் ஜோன்ஸும், 1868இல் சிட்னியை அடைந்த லூசி ஆஸ்பர்னும் அந்த வார்டுகளில் கற்றவர்கள். வார்ட்ரோப்பரின் திறமை பற்றிய பழைய சித்திரத்தை மோனிக்கா பேலி போன்ற வரலாற்றாசிரியர்கள் கேள்விக்கு உள்ளாக்கியுள்ளனர். ஆயினும் அங்கே படித்துச் சென்றவர்களைப் பார்க்கும்போது, தேர்வு சரியானதே.

அதே நைட்டிங்கேல் நிதி எடுத்த இன்னொரு முடிவு சரியாக அமையவில்லை. கிராமங்களுக்கு மருத்துவச்சிகளை உருவாக்க, 1860களின் தொடக்கத்தில் லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் ஒரு பிரசவ வார்டுக்கு நிதி கொடுத்தார்கள். பொது மருத்துவமனைக்குள், மற்ற நோயாளிகளுக்கும் மருத்துவ மாணவர்களின் நடமாட்டத்துக்கும் நடுவே அமைந்த வார்டு அது. பிள்ளைப்பேற்றுக் காய்ச்சலில் தாய்மார்கள் இறந்தனர். 1867இல் வார்டு மூடப்பட்டது. எங்கே பிரசவங்கள் பாதுகாப்பாக நடக்கின்றனவோ அங்கேதான் மருத்துவச்சியைப் பயிற்றுவிக்க வேண்டும் என்ற முடிவுக்கு நைட்டிங்கேல் வந்தது இதற்குப் பிறகுதான். பிரசவ இல்லங்களின் இறப்பு விவரங்களைத் திரட்டி 1871இல் தனி நூலாக வெளியிட்டார்.

சென்னையில்

சென்னையில் தொடக்கத்தில் தேர்ந்தெடுக்க ஒன்றுமே இல்லை. மருத்துவமனை எங்கே இருந்ததோ அங்கே பயிற்சியும் தொடங்கியது. எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனை 1844இல் உருவானது. மருத்துவச்சிகளுக்கான பயிற்சிக்கு அரசு 1854இல் அனுமதி தந்தது. 1664இல் கோட்டைக்குள் தொடங்கி 1772இல் இன்றைய இடத்துக்கு வந்த பொது மருத்துவமனையில், 1871இல் ஆறு மாதப் பட்டயப் பயிற்சி நான்கு மாணவியருடன் தொடங்கியதாகச் செவிலியப் பாடநூல்கள் கூறுகின்றன. இந்தியாவின் முதல் செவிலியர் பள்ளி என்ற பெருமையை அவை இதற்கே தருகின்றன.

கோஷா முறையில் வாழ்ந்த பெண்களும் சாதிக் கட்டுப்பாடு மிகுந்த குடும்பத்துப் பெண்களும் இந்த மருத்துவமனைகளுக்கு வரத் தயங்கினர். நோயாளியே வராத இடத்தில் பயிற்சி ஏது? 1885இல் மருத்துவர் மேரி ஷார்லீப் முயற்சியில் இவர்களுக்கெனத் தனி மருத்துவமனை ஏற்பட்டது. திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி என்று பழைய சென்னைவாசிகள் இன்றும் சொல்லும் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை அதுதான். அதே ஆண்டு தொடங்கிய டஃபரின் நிதியும், பெண் மருத்துவர்களோடு செவிலியரையும் மருத்துவச்சிகளையும் பயிற்றுவிப்பதை நோக்கமாகக் கொண்டது. 1926இல் சென்னை மாகாணம் செவிலியர், மருத்துவச்சியர் பதிவுச் சட்டத்தை நிறைவேற்றியது.

வேலூரும் தில்லியும்

1902இல் வேலூரில் மேரி டேபர் ஷெல் மருத்துவமனையைத் திறந்த ஐடா ஸ்கடர், 1909இல் செவிலியர் பயிற்சியைத் தொடங்கினார். மருத்துவமனையும் பள்ளியும் ஒரே நிர்வாகத்தில் இயங்கியதால், வார்டு பொறுப்பாளரே ஆசிரியராகவும் இருந்தார். 1946இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இங்கே பி.எஸ்சி. நர்சிங் தொடங்கியது. அதே ஆண்டில் தில்லியில் இன்னொரு செவிலியர் கல்லூரி தொடங்கியது. இன்று அது ராஜ்குமாரி அம்ரித் கௌர் பெயரில் உள்ளது. அது தனக்கென மருத்துவமனை இல்லாமல் தலைநகரின் பல மருத்துவமனைகளுக்கு மாணவிகளை அனுப்பியது; கிராமப் பயிற்சிக்கு நஜஃப்கர் அருகே சாவ்லாவில் ஒரு மையம் வைத்துக்கொண்டது. பலவகை நோய்களைப் பார்க்க தில்லி முறை நல்லது. ஆனால் கற்பிப்பவரும் நோயாளியைப் பார்த்துக்கொள்பவரும் ஒருவரே என்பது வேலூர் முறையின் பலம்.

வகைகள்

பயிற்சி மருத்துவமனைகள் மூவகை. முதலாவது, கல்லூரியை நடத்தும் அறக்கட்டளையே நடத்தும் தாய் மருத்துவமனை. கல்லூரிகளில் 'பேரன்ட் ஹாஸ்பிடல்' என்பார்கள். இரண்டாவது, ஒப்பந்தத்தின்பேரில் கட்டணம் செலுத்தி மாணவர்களை அனுப்பும் இணைப்பு மருத்துவமனை. மூன்றாவது, ஓரிரு நாள் பார்வையிட மட்டும் செல்லும் சிறப்பு நிலையங்கள்.

மனநலப் பயிற்சி பெரும்பாலும் இரண்டாவது வகையில் அடங்கும். சொந்த மனநல மருத்துவமனை வைத்திருக்கும் கல்லூரி அரிது. தமிழ்நாட்டில் இதற்குப் பலரும் நாடுவது சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநல நிலையம். 1794இல் தொடங்கிய காப்பகத்தின் வழிவந்தது அது. கீழ்ப்பாக்கத்துக்கு 1871இல் வந்தது. வெளி மாவட்டக் கல்லூரிகள் மாணவிகளை ஆசிரியரோடு சென்னையில் தங்கவைத்து இங்கே அனுப்புகின்றன. சமூக நலச் செவிலியத்துக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு அனுப்புகிறார்கள்.

உரிமையாளர் அடிப்படையில் அரசு, திருச்சபை, தனியார் எனவும் பிரிக்கலாம். கையால் செய்து பழக அரசு மருத்துவமனையே ஏற்றது. பெரிய கார்ப்பரேட் மருத்துவமனைகளில் கருவிகள் புதியவை, பதிவேடுகள் கணினியில். ஆனால் ஊசி போட மாணவியை நோயாளி விடுவதில்லை, மருத்துவமனையும் விரும்புவதில்லை. மாணவி ஓரமாக நின்று பார்த்துவிட்டு, கேர் பிளான் எழுதிக்கொண்டு திரும்புகிறாள்.

மகப்பேறுப் பயிற்சியில் இந்த வேறுபாடு கண்கூடு. பி.எஸ்சி. பழைய பாடத்திட்டப்படி ஒரு மாணவி தன் கையால் 20 சுகப்பிரசவம் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் கேஸ் புத்தகத்தில் எழுதிக் கையொப்பம் வாங்க வேண்டும். 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் 63.8 விழுக்காடு. அதனால் தனியார் கல்லூரி மாணவிகளும் இரவுப் பணிக்கு அரசு மகப்பேறு வார்டுக்கே வந்து சேர்கிறார்கள். லேபர் வார்டு வாசலில் கேஸ் புத்தகத்தோடு காத்திருக்கும் மாணவிகளில் யாருக்கு அடுத்த பிரசவம் என்பதைப் பணியில் இருக்கும் சிஸ்டர்தான் தீர்மானிப்பார்.

விதிகள்

இந்திய செவிலியர் மன்றம் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்டது. அதன் நெறிகளின்படி பட்டப்படிப்புக் கல்லூரிக்கு 100 படுக்கை கொண்ட தாய் மருத்துவமனை வேண்டும். ஒரு மாணவருக்கு மூன்று நோயாளிகள் இருக்க வேண்டும். படுக்கைகளில் 75 விழுக்காடாவது நிரம்பியிருக்க வேண்டும். இணைப்பு மருத்துவமனை 50 படுக்கைக்குக் குறையாமல், 15 முதல் 30 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். மலைப்பகுதிகளுக்குத் தொலைவில் தளர்வு உண்டு. தாய் மருத்துவமனை, கல்லூரி அறக்கட்டளையின் உறுப்பினர் ஒருவருக்குச் சொந்தமானால், அதை வேறு செவிலியக் கல்லூரிக்குக் கொடுப்பதில்லை என்று 30 ஆண்டுக்கு உறுதிமொழி எழுதித் தர வேண்டும். ஒரே மருத்துவமனையைப் பல கல்லூரிகள் தங்களுடையது என்று காட்டிய அனுபவம் இல்லாமல் யாரும் இப்படியொரு நிபந்தனையை எழுத மாட்டார்கள்.

விதிகள் எண்ணக்கூடியவற்றை எண்ணுகின்றன. ஆய்வுக்குழு வரும் நாளில் படுக்கைகள் நிரம்பியிருப்பது பெரிய காரியம் அல்ல. வார்டு இன்சார்ஜ் எப்படிப்பட்டவர், மாணவியைச் செய்ய விடுவாரா, வேலைக்கு மட்டும் பயன்படுத்துவாரா என்பதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. மாணவரைக் கூலியில்லா ஆளாகப் பயன்படுத்தும் மருத்துவமனைப் பள்ளிகளை அமெரிக்காவில் ஜோசஃபின் கோல்ட்மார்க் எழுதிய அறிக்கை 1923லேயே கடுமையாகக் குறை கூறியது.

அனுபவமுள்ள முதல்வர்கள் முன்னறிவிப்பின்றி ஒரு முறை காலை ஏழு மணிக்கு, பணி மாறும் நேரத்தில், வார்டுக்குப் போய்ப் பார்ப்பார்கள். இரவுப் பணி செவிலியர் ஒவ்வொரு கட்டிலாக நின்று ஒப்படைக்கிறாரா, மேசையில் இருந்தபடி நோட்டைத் தள்ளிவிட்டுப் போகிறாரா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். கைகழுவும் இடத்தில் சோப்பு இருக்கிறதா, மாணவிகள் உடை மாற்ற அறை உண்டா, ட்யூட்டர் பத்துப் பேரை உட்காரவைத்துப் பேச மூலை உண்டா என்றும் பார்ப்பார்கள். வேறு எத்தனை கல்லூரிகள் அதே வார்டுக்கு வருகின்றன என்று கேட்டுத் தெரிந்துகொள்வது முக்கியம். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் ஒரே நோயாளிக்குக் காலை பத்து மணிக்குள் மூன்று கல்லூரி மாணவிகள் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டுப் போவதுண்டு. நான்காவதாக வருபவளிடம் அவர் கையை நீட்டமாட்டார்.

இன்றைய நிலை

2021–22 கல்வியாண்டு முதல் பி.எஸ்சி. நர்சிங் எட்டுப் பருவங்களாக நடைபெறுகிறது. கடைசிப் பருவத்தில் வாரம் 48 மணி வீதம் 22 வாரம் இன்டர்ன்ஷிப் உண்டு. உருவப் பொம்மைகளைக் கொண்ட சிமுலேஷன் ஆய்வகமும் பயிற்சி நேரத்தில் இடம்பெற்றுள்ளது. 1947ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாகத் தேசிய செவிலியர், மருத்துவச்சியர் ஆணையச் சட்டம் 2023இல் நிறைவேறியது.