துப்பறியும் நாவலும் தென்னார்க்காட்டுக் கிராமக் காவலும்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரணி குப்புசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோர் வளர்த்தெடுத்த தமிழ்த் துப்பறியும் நாவல், துப்பறிவாளனை மேலைநாட்டுக் கதைகளிலிருந்து பெற்றுக்கொண்டதாயினும், அவனைச் சுற்றியிருந்த கச்சேரி என்னும் அரசு அலுவலகத்தையும் சட்டத்தையும் இங்கிருந்தே எடுத்துக்கொண்டது. கிராமத்தில் நடக்கும் குற்றக் கதையில் தலையாரி, முன்சீப், மகஜர் ஆகிய சொற்கள் வரும்போது இன்றைய வாசகர் அவற்றைப் பழங்காலச் சாயல் என்று எண்ணிக் கடந்துவிடுகிறார்; ஆனால் கதையின் முடிச்சு பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கிறது. அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தின் விழுப்புரம், திண்டிவனம் தாலுகாக்களை வைத்து இதை விளக்கலாம்.

அத்தாலுகாக்களின் ஒரு சிற்றூரில் பிணம் கிடந்தால் செய்தியைக் கொண்டுபோக வேண்டியவர் தலையாரி, அதாவது ஊர்க் காவலைப் பெரும்பாலும் பரம்பரையாகச் செய்துவந்த கிராமப் பணியாளர். அவர் முதலில் போவது கிராம முன்சீப்பிடம். வரி வசூலித்த ஊர்த் தலைவரையே 1816ஆம் ஆண்டின் சென்னை ஒழுங்குவிதிகள் சிறு வழக்குகளைத் தீர்க்கும் முன்சீப்பாகவும் ஊர்க் காவலின் தலைவராகவும் ஆக்கியிருந்தன. தாசில்தாரும் அக்காலத்தில் போலீஸ் அதிகாரம் பெற்றவரே. வரி கேட்கும் கையும் குற்றவாளியைப் பிடிக்கும் கையும் ஒன்றாக இருந்ததன் விளைவை, சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை ஆராய்ந்த குழு 1855இல் தன் அறிக்கையில் பதிவுசெய்தது. வரி பாக்கிக்காகவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதற்காகவும் விரல்களைக் கட்டைகளுக்கிடையே நெரிக்கும் ‘கிட்டி’ பயன்பட்டதை அது விவரிக்கிறது. இதன்பின் 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் மாகாணத்துக்குத் தனிப் போலீஸ் துறையை அமைத்தது.

நாவல் வாசகருக்கு இதைவிட முக்கியமானது அடுத்து வந்த மாற்றம். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராக மெய்ப்பிக்கலாகாது என்னும் விதி, 1861ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இடம்பெற்று, 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 25ஆம் பிரிவாக நிலைபெற்றது. அடித்து வாங்கிய சொல்லுக்கு மதிப்பில்லை என்று சட்டம் சொன்ன பிறகே துப்பறிவாளனின் தடயத்துக்கு மதிப்பு வந்தது எனலாம். ஆயினும் 27ஆம் பிரிவு ஒரு கதவைத் திறந்தே வைத்தது: காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு தெளிவாகத் தொடர்புடைய பகுதியை மட்டும் சாட்சியமாகக் கொள்ளலாம். புதைத்த நகையைக் கைதியே தோண்டி எடுத்துக் காட்டும் காட்சியும், ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் எழுதப்படும் பறிமுதல் பத்திரமான மகஜரும் கதைகளில் திரும்பத் திரும்ப வருவதன் காரணம் இதுவே.

விழுப்புரம் சந்திப்புக்கும் இத்தகைய கதையில் ஒரு பொருள் உண்டு. 1879இல் அங்கிருந்து புதுச்சேரிக்கு ரயில் ஓடத் தொடங்கியது. 1954 நவம்பர் 1 வரை புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால், எல்லையைக் கடந்தவரை இப்பக்கத்துப் போலீஸால் நேரே கைதுசெய்ய இயலவில்லை. 1908இல் பாரதியார் அங்குச் சென்றது இதை அறிந்துதான்.

கிராம முன்சீப், ஊர்க் கணக்கரான கர்ணம் முதலிய பகுதிநேரப் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு 1980 நவம்பரில் ஒழித்தபின் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். அவர் போலீஸ்காரர் அல்லர் என்பதால் 25ஆம் பிரிவு அவரிடம் சொன்னதைத் தடுக்கவில்லை. ஆகவே குற்றவாளி தானாக அவரைத் தேடிவந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதாகச் சொல்லும் வழக்குகள் தமிழ்நாட்டில் மிகுதி. நாவலாசிரியர் இப்படி எழுதினால் வாசகர் நம்பமாட்டார். நீதிமன்றங்களும் பலமுறை நம்பியதில்லை.

இந்த வட்டாரத்தில் இருளர் பழங்குடியினர்மீது திருட்டு வழக்குகள் பொய்யாகச் சுமத்தப்படுவதாகத் தொடர்ந்து எழுந்த புகார்களின் பின்னணியில்தான் 1996இல் திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். நாவலில் நகை கண்டெடுக்கப்பட்டதும் கதை முடிந்துவிடுகிறது; அந்த நகை எவ்வாறு கண்டெடுக்கப்பட்டது என்ற கேள்வியோடுதான் இங்கே வழக்கு தொடங்குகிறது. 2024 ஜூலை 1 முதல் சாட்சியச் சட்டத்தின் இடத்தைப் பாரதிய சாட்சிய அதிநியமம் எடுத்துக்கொண்டது. 1872இன் தடையும் அதற்கான விலக்கும் அதன் 23ஆம் பிரிவில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டு நடைமுறையில் உள்ளன.