எங்கள் ஊர்ப் பிள்ளை

அல் குசைசில் இருக்கும் எமக்கு விமானங்களின் இரைச்சல் புதிதல்ல. துபாய் விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை இங்குள்ள தேநீர்க் கடையொன்றில் இருந்தபோது, வானொலியில் 'பொஹீமியன் ரப்சொடி' என்ற பழைய ரொக் பாடல் ஒலித்தது. மலையாளியான கடைக்காரர் அதை மாற்றப் போனார். பக்கத்து மேசையில், வெள்ளை அங்கியணிந்து, யாருடனோ தொலைபேசியில் சுவாஹிலி பேசிக்கொண்டிருந்த முதியவர் கையை உயர்த்தித் தடுத்தார். "விடு, அவன் எங்கள் ஊர்ப் பிள்ளை" என்றார். எந்த ஊர் என்று கேட்டோம். "சன்சிபார்" என்றார்.

அந்தப் பாடலைப் பாடிய பிரெடி மேர்க்குரியை ஒரு வெள்ளைக்காரர் என்றே எம்மிற் பலர் நினைத்திருந்தோம். அவர் அகதியாக இங்கிலாந்துக்கு வந்த ஒரு குடும்பத்தின் பிள்ளை என்பதைப் பிற்பாடுதான் அறிந்தோம். ரொக் இசையின் வரலாற்றில் போதையாலும் விபத்தாலும் இளவயதில் மாண்டவர்களின் கதைகள் நிறையவே உண்டு. இது அந்த வகைக் கதையல்ல. எமக்கு மிகவும் பழக்கமான கதை.

ஃபரூக் புல்சாரா என்பது அவருடைய இயற்பெயர். 1946 செப்டெம்பர் 5இல் சன்சிபாரில் பிறந்தார். பெற்றோர் குஜராத்திலிருந்து வந்த பார்சிகள். தந்தை பிரித்தானிய ஆட்சியின் கீழ் நீதிமன்றக் காசாளராக இருந்தார். மகனை எட்டு வயதில் கப்பலேற்றி, மகாராஷ்டிராவின் பாஞ்ச்கனியிலுள்ள விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். 1958இல் அங்கே பள்ளித் தோழர்களோடு 'ஹெக்ரிக்ஸ்' என்ற வாத்தியக் குழுவை அமைத்துப் பியானோ வாசித்தார். 1963இல் ஊர் திரும்பினார்.

ஊர் அப்போது கொதித்துக்கொண்டிருந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஓமான் சுல்தான் தன் தலைநகரையே மஸ்கற்றிலிருந்து சன்சிபாருக்கு மாற்றியிருந்தார். கராம்பும் அடிமை வியாபாரமும் அத்தீவைச் செல்வமாக்கின. ஆட்சியும் நிலமும் சிறுபான்மையான அரேபியரிடமும், வியாபாரத்தின் பெரும்பகுதி இந்தியரிடமும் இருந்தன. 1963 யூலைத் தேர்தலில் ஆபிரிக்கர்களின் ஆதரவு பெற்ற கட்சி 54 வீத வாக்குகளைப் பெற்றும் 31 ஆசனங்களில் 13ஐ மட்டுமே வென்றது. அந்த ஆண்டு டிசெம்பர் 10இல் பிரித்தானியர் சுதந்திரம் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒரு மாதந்தான் கழிந்தது. 1964 ஜனவரி 12இல் புரட்சி வெடித்தது. ஆயிரக்கணக்கான அரேபியரும் இந்தியரும் கொல்லப்பட்டனர். அநீதிக்கு எதிராக எழுந்தவர்களின் கை, பக்கத்து வீட்டுக்காரனின் கழுத்தில் விழுந்தது. இதை நாம் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

புல்சாரா குடும்பம் இங்கிலாந்துக்கு ஓடியது. அதே நாட்களில் சன்சிபாரின் கடைசிச் சுல்தான் ஜம்ஷித்தும் கப்பலேறித் தப்பினார். சுல்தானுக்கும் காசாளருக்கும் ஒரே நாட்டிற் புகலிடம் கிடைத்தது. அதே 1964 ஒக்ரோபரில்தான் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில், 5,25,000 மலையகத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்புவதென்று அவர்களைக் கேளாமலே எழுதிக் கையொப்பமிட்டார்கள்.

அக்குடும்பம் குடியேறிய இடம் பெல்தம். ஹீத்ரோ விமான நிலையத்துக்கு அருகே, அல் குசைசைப் போலவே விமான இரைச்சலுக்குள் வாழும் ஊர். ஈலிங் கலைக் கல்லூரியிற் படித்த பிள்ளை, இடையில் ஹீத்ரோவிற் பெட்டி சுமக்கும் வேலையும் பார்த்தார். 1970இல் 'குயின்' குழு உருவானது. புல்சாரா, மேர்க்குரி ஆனார். 1985 யூலை 13இல் எத்தியோப்பியப் பஞ்சத்துக்கு நிதி திரட்ட வெம்பிளியில் நடந்த நிகழ்ச்சியில், ஏறத்தாழ 72,000 பேரை இருபது நிமிடங்கள் ஒரே குரலாக்கினார்.

அவரைப் புனிதராக்க நாம் இதை எழுதவில்லை. 1984இல், நிறவெறித் தென்னாபிரிக்காவைக் கலைஞர்கள் புறக்கணித்துக்கொண்டிருந்த வேளையில், இதே குழு சன் சிற்றியிற் போய்ப் பாடியது. ஐக்கிய நாடுகள் சபையின் கறுப்புப் பட்டியலில் அதன் பெயர் ஏறியது. துரத்தப்பட்டவன் என்பதால் மட்டும் ஒருவனுக்கு மற்றவனின் துயரம் விளங்கிவிடுவதில்லை. இதையும் நாம் எம்மிடையே கண்டிருக்கிறோம்.

பேட்டிகளில் அவர் சன்சிபாரைப் பற்றி அரிதாகவே பேசினார். 1987 பெப்ரவரியில், திருப்பியனுப்பப்படவிருந்த ஈழத்தமிழ் அகதிகள் ஹீத்ரோவில் உடைகளைக் களைந்து நின்று எதிர்த்தார்கள். அப்போது அதே நகரத்தில், அதே விமான நிலையத்தில் முன்பு பெட்டி சுமந்த ஓர் அகதி, உலகப் புகழோடு வாழ்ந்துகொண்டிருந்தார். எம்மவர்களின் படத்தைப் பத்திரிகையிற் கண்டவர்கள் எவரும் அவரை அந்த வரிசையில் வைத்து நினைத்திருக்க மாட்டார்கள்.

1991 நவம்பர் 23இல் தமக்கு எயிட்ஸ் நோய் இருப்பதை அறிக்கை மூலம் வெளியிட்டார். மறுநாள் இறந்தார். வயது 45. சொராஸ்திரிய மதகுருமார் சடங்கு செய்ய, லண்டனில் உடல் தகனம் செய்யப்பட்டது. அவருடைய அஸ்தியைத் தோழி மேரி ஒஸ்ரின் அவர் கேட்டுக்கொண்டபடி ஒரு இடத்திற் சேர்த்தார். அந்த இடம் எது என்பதை அவர் வெளியிடவில்லை. 2006இல் சன்சிபாரில் அவருடைய அறுபதாவது பிறந்தநாளைக் கொண்டாட முயன்றபோது, அவர் ஒருபாலுறவாளர் என்பதைக் காட்டி மத அமைப்பொன்று எதிர்த்தது. கொண்டாட்டம் நின்றுபோனது. 2016இல் பெல்தம் வீட்டில் நினைவுப் பலகை பதித்தார்கள். அதில் புல்சாரா என்ற பெயரும் இருக்கிறது. 2019இல் சன்சிபாரில் அருங்காட்சியகம் ஒன்று திறந்தார்கள். இப்போது சுற்றுலாப் பயணிகள் அங்கே போகிறார்கள்.

சுல்தான் ஜம்ஷித்துக்கு ஓமான் திரும்பும் அனுமதி 2020இல், 56 ஆண்டுகளின் பின் கிடைத்தது. அதுவும் முன்னோரின் நாட்டுக்குத்தான், பிறந்த தீவுக்கல்ல. 2024 டிசெம்பரில் ஓமானிலேயே இறந்தார். சன்சிபாரிலிருந்து வளைகுடாவுக்கு வந்த சாதாரண மனிதர்களிற் சிலர் பல்லாண்டுகள் எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமலே வாழ்ந்தார்கள். தேநீர்க் கடை முதியவரிடம் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு இருக்கிறதென்று நாம் கேட்கவில்லை. அது எமக்கும் பிடிக்காத கேள்வி.

பாடல் முடிந்ததும் அவரே எம்மைக் கேட்டார்: "உங்கள் ஊர்ப் பிள்ளைகளும் பாடுகிறார்களா?"

பாடுகிறார்கள் என்றோம். ரொறன்ரோவிலும் லண்டனிலும் ஒஸ்லோவிலும், வெள்ளைக்காரரின் வாயில் நுழையுமாறு பெயரைச் சுருக்கிக்கொண்டு பாடுகிறார்கள். அதிற் குற்றமில்லை. ஆனால் அவர்களுடைய தாய் தகப்பன் எந்த வீட்டின் பின்கதவால் ஓடினார்கள் என்பதை யாராவது அவர்களுக்குச் சொல்லியிருக்கிறோமா? நாம் சொல்லாமல் விட்டால், வருங்காலத்தில் யாரோ ஒரு கிழவன், எங்கோ ஒரு தேநீர்க் கடையில், கையை உயர்த்தித்தான் சொல்லவேண்டியிருக்கும்.