பிறந்த ஊர் எது?

முன்னோர் பிறந்த ஊரை அறிய விழைதல் மாந்தர்க்கு இயல்பு. நம் நாட்டில் 1872ஆம் ஆண்டு முதல் குடிக்கணக்கு எடுக்கப்பெற்று வந்துள்ளது. எனினும், ஆங்கிலேயர் காலத்தில் வீடுதோறும் எழுதப்பெற்ற தாள்கள் பேணப்பெறவில்லை. தொகைக் கணக்குகளே அச்சேறின. ஆதலின் கடல் கடந்த தமிழரின் வழித்தோன்றல்கள் கப்பற் பதிவேடுகளையே நாடுகின்றனர்.

1860 நவம்பர் 16ஆம் நாள் 'துரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து 342 பேருடன் நேட்டால் கரையை அடைந்தது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாய் அங்குச் சென்றோர் 1,52,000க்கும் மேற்பட்டோர். அவர்தம் பெயர், தந்தை பெயர், அகவை, மாவட்டம், ஊர் ஆகியன ஏடுகளில் உள. ஆயினும் ஊர்ப்பெயரைப் படித்தறிதல் எளிதன்று. அதற்குக் காரணம் இரண்டு.

முதலாவது, எழுத்து மயக்கம். ல, ள, ழ வேறுபாடும் குறில் நெடில் வேறுபாடும் ஆங்கில எழுத்தில் மறைந்துபோயின. ஆலப்புழை 'அலெப்பி' ஆயிற்று; கொல்லம் 'குயிலோன்' ஆயிற்று. கொச்சிக் காயலிலுள்ள வல்லார்பாடம் தீவின் பெயரை எடுத்துக்கொள்வோம். ஆங்கில எழுத்தில் மட்டும் கண்டால் அது வல்லார்பாடமோ, வள்ளர்படமோ, வல்லர்பதமோ என ஐயுறுவோம். மலையாளத்தில் 'பாடம்' என்பது வயலைக் குறிக்கும் என்று அறிந்தவர்க்கே ஈற்றுச் சொல் தெளிவாகும். தமிழகத்து ஊர்களுக்குப் பட்டி, பாக்கம், பாளையம் முதலிய ஈறுகள் இவ்வாறே துணை செய்யும்.

இரண்டாவது, எல்லை மயக்கம். 'கொச்சின்' என்னும் ஒரு சொல் இரண்டு ஆட்சிகளைக் குறித்தது. கோட்டைக் கொச்சி ஆங்கிலேயரின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. அதனை அடுத்த மட்டாஞ்சேரியோ கொச்சி மன்னரின் நாட்டைச் சேர்ந்தது. 1967இல் இவ்விரண்டும் ஒரே மாநகராட்சியில் இணைந்தன. ஆதலின் இன்றைய நிலப்படத்தை மட்டும் நோக்குவோர்க்குப் பழைய எல்லை புலப்படாது. 'கொச்சின், மலபார் மாவட்டம்' எனக் காண்போர் முதற்கண் தேட வேண்டுவது கோட்டைப் பகுதியையே ஆகும்.

எனவே ஏட்டுப் பெயரை வாய்விட்டு ஒலித்துப் பார்த்தல் வேண்டும். மாவட்டப் பெயரோடு பொருத்துதல் வேண்டும். அதே கப்பலில் அடுத்தடுத்த எண்களில் சென்றோரின் ஊர்களையும் ஒப்புநோக்குதல் வேண்டும். ஒரே ஊரினர் சேர்ந்து புறப்பட்டிருத்தலும் கூடும் அன்றோ! இத்தனைக்குப் பின்னும் இரண்டு ஊர்கள் எஞ்சுமாயின், இரண்டையும் குறித்து வைத்தலே நேர்மை. ஓர் எழுத்தைப் பிழைபடப் படித்தால் ஒரு குடும்பம் தனக்கு உரிமையில்லாத ஊரைத் தாயகம் எனக் கொண்டாடும். உண்மைத் தாயகமோ கேட்பாரற்றுக் கிடக்கும். விரைவினும் பொறுமையே இப்பணிக்கு உற்ற துணை என்க.