மாத்திரையா, பட்டையா?

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு உடல் சூடேறுதல், வியர்வை, தூக்கமின்மை போன்ற தொல்லைகள் வருவதுண்டு. இதற்கு மருந்தாக 1942-ல் அமெரிக்காவில் 'பிரிமாரின்' மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. சினையான குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுக்கப்பட்ட ஈஸ்ட்ரோஜன்தான் அது. 1966-ல் டாக்டர் ராபர்ட் வில்சன் எழுதிய 'ஃபெமினைன் ஃபாரெவர்' நூல், ஈஸ்ட்ரோஜன் இளமையைக் காக்கும் என்று ஆசை காட்டியது.

மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று பிறகு பல ஆய்வுகள் கூறின. ஆனால் அவர்களில் பலர் வசதியும் நல்ல பழக்கங்களும் உடையவர்கள். பலன் மாத்திரையாலா, வாழ்க்கை முறையாலா?

விடை தேடிய 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' ஆய்வு, 16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவுக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை. மறு பிரிவுக்கு மருந்தில்லாத மாத்திரை. மருந்து உண்டவர்களின் மேல் இரத்த அழுத்தம் சராசரியாக 1 முதல் 1.5 அளவே கூடியிருந்தது. எலும்பு முறிவு குறைந்தது. ஆனால் பக்கவாதமும் மாரடைப்பும் மார்பகப் புற்றுநோயும் கூடின. 2002-ல் அந்த மாத்திரை நிறுத்தப்பட்டது.

விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் முதலில் கல்லீரலுக்குச் செல்கிறது. அங்கே அழுத்தத்தை ஏற்றும் ஆஞ்சியோடென்சினோஜன் என்ற புரதம் கூடுதலாகச் சுரக்கிறது. தோலில் ஒட்டும் பட்டை இந்த வழியைத் தவிர்க்கிறது. கனடாவின் ஆல்பர்ட்டாவில் 1,12,000-க்கும் மேற்பட்ட பெண்களின் பதிவேடுகளை அலசி 2023-ல் வெளியான ஆய்வில், தோல்வழி எடுத்தவர்களைவிட மாத்திரை விழுங்கியவர்களுக்கு உயர் இரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு 14 சதவீதம் அதிகமாக இருந்தது.

ஆக, மருந்து எது என்பதோடு, அது உடலுக்குள் செல்லும் வழி எது என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது.