சாமி என்றொரு சொல்

சொல்லாராய்ச்சி இல்லாமல் நம் வட்டத்தின் கூட்டம் நிறைவுற்றதாக நினைவில்லை. எனவே பத்தாமாண்டு மலருக்கும் ஒரு சொல்லையே எடுத்துக்கொள்கிறேன். தணிகை மலைப்படிகளில் நாள்தோறும் ஒலிக்கும் சொல்: ‘சாமி’.

நம் முன்னோர் காலத்தில் அச்சொல் கழனியிலும் ஒலித்தது. முருகனை நோக்கியன்று, நிலக்கிழாரை நோக்கி. படியால் அளந்த தானியத்தைக் கூலியாகப் பெற்றவன் படியாள். திருமணத்துக்கு வாங்கிய சில ரூபாய்க் கடன் அவனை வாழ்நாள் முழுதும் ஒரே வீட்டோடு பிணைத்துவிடும். செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் திரமென்ஹியர் 1891இல் அரசுக்கு அளித்த குறிப்பு இந்நிலையை விரித்துரைக்கிறது. விடியுமுன் ஏற்றம் இறைக்கவேண்டும். பகலெல்லாம் சேற்றில் நிற்கவேண்டும். நிலக்கிழார் எதிர்ப்பட்டால் தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ‘சாமி’ என விளிக்கவேண்டும். ஏற்றத்தைப் பாட்டாக மட்டுமே அறிந்த நம்மனோர் அதன் முதுகுவலியை மறந்துவிடுகிறோம்.

1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து 342 பேருடன் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்றோர் ஏறத்தாழ 1,52,000 பேர். மூவரில் இருவர் சென்னையில் கப்பலேறியோர். அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்துத் தமிழரும் தெலுங்கரும் அவர்களுள் பலர். திருத்தணியும் அம்மாவட்டத்தில்தான் இருந்தது. 1911இல் சித்தூர் மாவட்டத்திற்கும், 1960இல் சென்னை மாநிலத்திற்கும் மாறியது. ஐந்தாண்டு ஒப்பந்தம், முதலாண்டில் மாதம் பத்து ஷில்லிங். தாது வருடப் பஞ்சத்தைக் கண்டவர்க்கு அது பெருந்தொகையாகவே தோன்றியிருக்கும். ஏற்றத்தை விட்டுப் போனவர் கரும்பு வெட்டினர்.

அங்கே ஒரு விந்தை நிகழ்ந்தது. முனுசாமி, கோவிந்தசாமி என்ற பெயர்களைக் கேட்ட வெள்ளையர், இந்தியர் அனைவரையும் ‘சாமி’ என்றே அழைக்கலாயினர். ‘கூலி’ என்பதற்கு மறுபெயர் அது. பிறரைச் சாமி என்றழைத்தவன் தானே சாமியானான், ஏளனத்தால்! சொல்வன்மை வாய்த்த சிலர், ‘சாமி என்றால் தலைவன், நான் உமக்குத் தலைவனல்லன்’ என்று திருப்பிச் சொன்னதைக் காந்தியடிகள் தம் வரலாற்றில் குறித்திருக்கிறார்.

தலைப்பாகையின் கதையும் இத்தகையதே. அதை அணிந்து நிற்பது நம்மவர்க்கு மரியாதை. தொப்பியைக் கழற்றுவது ஐரோப்பியர்க்கு மரியாதை. ஒப்பந்தக் கூலியோ இரு கை கூப்பினாலும் போதாது. வெள்ளையர்முன் தலைப்பாகையைக் கழற்றியாக வேண்டும். இங்கே துண்டு தோளிலிருந்து இறங்கிற்று, அங்கே தலையிலிருந்து.

1894இல் பாலசுந்தரம் என்னும் தமிழர், முதலாளி அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் குருதி வழிய, கழற்றிய தலைத்துணியைக் கையில் ஏந்தியவாறு காந்தியடிகளிடம் வந்தார். முந்தைய ஆண்டு தலைப்பாகையைக் கழற்ற மறுத்து டர்பன் நீதிமன்றத்தைவிட்டு வெளியேறியவர் அடிகள். முதலில் தலைத்துணியைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். பாலசுந்தரம் தயங்கித் தயங்கியே கட்டினார். முகத்தில் மகிழ்ச்சி தெரிந்ததாம். வேலையிலிருந்து அவருக்கு விடுதலை கிட்டவில்லை. எஞ்சிய ஒப்பந்தக் காலத்துக்கு வேறொரு வெள்ளையரிடம் மாற்றப்பட்டார்.