மீட்பருக்கு இரண்டு புள்ளி

ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டியூன்' நாவலைப் பதினைந்து வயதில் படிக்கிற எல்லோருமே பால் அட்ரெய்டிஸின் கட்சிதான். வேறு வழியில்லை. அப்பாவைக் கொன்றுவிடுகிறார்கள், அரண்மனை போகிறது, பையனும் அம்மாவும் பாலைவனத்துக்குள் தப்பி ஓடுகிறார்கள். அங்கே வாழும் ஃப்ரெமன் மக்கள் தலைமுறைகளாகக் காத்திருந்த மீட்பர் அவன்தான் என்று ஆகிவிடுகிறது. ராட்சதப் புழுவின் முதுகில் ஏறி வந்து பேரரசரையே பணிய வைக்கிறான். புத்தகத்தை மூடும்போது நமக்கும் ஒரு புழு கிடைத்தால் தேவலை என்று இருக்கும்.

ஹெர்பர்ட் சொல்ல வந்ததோ இதற்கு நேர் எதிர். மீட்பரிடம் தங்களை ஒப்படைத்துவிடும் மக்களுக்கு என்ன ஆகும் என்பதுதான் அவருடைய கவலை. சுமார் இருபது பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய நாவலை, கார் ரிப்பேர் கையேடுகளுக்குப் பேர்போன சில்ட்டன் நிறுவனம் 1965-ல் வெளியிட்டது. அதற்கு முன்பே 'அனலாக்' பத்திரிகையில் அதைத் தொடராக வெளியிட்டவர் ஜான் கேம்பெல். இரண்டாம் பாகமான 'டியூன் மெசையா'வில் ஹெர்பர்ட் பூசி மெழுகாமல் விஷயத்தைப் போட்டு உடைத்தார். பாலின் பெயரால் நடந்த புனிதப் போரில் செத்தவர்கள் 6,100 கோடி பேர். அந்தக் கணக்கைச் சொல்வதும் அவனேதான். கேம்பெல் அந்தக் கதையை வாங்க மறுத்தார். அவருக்கு நாயகன் நாயகனாகவே இருக்க வேண்டும். 1969-ல் அது 'கேலக்ஸி' பத்திரிகையில் வந்தது.

முதல் பாகத்தைப் போட்ட ஆசிரியருக்கே எச்சரிக்கை பிடிக்கவில்லை என்றால், பதினைந்து வயதுப் பையன் எந்த மூலை? நாவல் என்னதான் எச்சரித்தாலும், நாம் பாலின் தோளுக்குப் பின்னால் நின்றுதான் எல்லாவற்றையும் பார்க்கிறோம். கூடவே நடக்கிற ஆளைச் சந்தேகப்படுவது கஷ்டம்.

அந்த இடத்திலிருந்து வாசகரை நகர்த்தியது, 1979-ல் வந்த ஒரு போர்டு கேம்.

பால்டிமோரில் இருந்த அவலான் ஹில், போர் விளையாட்டுகளுக்குப் பெயர்பெற்ற நிறுவனம். டியூன் உரிமை அவர்களிடம் இருந்தது. விளையாட்டை உருவாக்கித் தரும் வேலை பில் எபர்லி, ஜாக் கிட்ரெட்ஜ், பீட்டர் ஒலோட்கா மூவரிடம் வந்தது. 1977-ல் 'காஸ்மிக் என்கவுன்ட்டர்' செய்தவர்கள் இவர்கள். அதில் ஒவ்வொரு ஆட்டக்காரரும் ஒரு வேற்றுக்கிரக இனம். ஒவ்வொரு இனமும் பொது விதி ஒன்றைத் தன் பங்குக்கு உடைக்கும். ரோமப் பேரரசை வைத்து அவர்கள் யோசித்து வைத்திருந்த இன்னொரு விளையாட்டின் எலும்புக்கூடும் கையில் இருந்தது. அதன்மேல் அராக்கிஸ் கிரகத்தின் மணலைக் கொட்டினார்கள்.

ஆறு அணிகள், ஐந்து கோட்டைகள். தனியாக மூன்றைப் பிடித்தால் வெற்றி. ஆனால் ஆறு பேரும் ஒரே விளையாட்டை ஆடுவதில்லை. சீட்டுகள் ஏலத்துக்கு வரும்போது எல்லோரும் கண்ணைக் கட்டிக்கொண்டு விலை சொல்ல வேண்டும். அட்ரெய்டிஸ் அணிக்கு மட்டும் அது என்ன சீட்டு என்று முன்கூட்டியே தெரியும். ஏலத்தில் மற்றவர்கள் கட்டும் காசு பேரரசரின் கல்லாவுக்குப் போகும். விண்வெளியிலிருந்து படையை இறக்கக் கொடுக்கும் கூலி, கப்பல் நடத்தும் கில்டுக்கு. ஃப்ரெமன் அந்த மண்ணின் ஆட்கள், அவர்களுக்குக் கூலியே கிடையாது. பெனி ஜெஸரிட் சகோதரிகள் ஆட்டம் தொடங்கும் முன்பே, எந்த அணி எந்தச் சுற்றில் ஜெயிக்கும் என்று ரகசியமாக எழுதி வைப்பார்கள். அது அப்படியே பலித்தால் வெற்றி அவர்களுடையது. கோப்பையைத் தூக்கப் போனவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

புரோகிராம் எழுதுகிறவனுக்கு இதைப் பார்த்தால் உடனே ஒன்று உறைக்கும். இங்கே அதிகாரம் என்பது வீரமோ விதியோ இல்லை, பெர்மிஷன். யாருக்கு எந்தத் தகவலைப் பார்க்க அனுமதி, யாருக்கு எந்த வாசலில் சுங்கம் வசூலிக்க உரிமை என்பதுதான். பாலின் ஞானதிருஷ்டிகூட அப்படித்தான். சண்டைக்கு முன் எதிரியின் திட்டத்தில் ஒரே ஒரு அம்சத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். அவ்வளவுதான்.

சரி, பால் எங்கே? அட்ரெய்டிஸ் தளபதிகளுக்கான வட்ட அட்டைகளில் ஜெஸிக்காவுக்கு 5, கர்னி ஹாலக்குக்கு 4, துரோகி டாக்டர் யூவேவுக்கு 1. பாலுக்கு அட்டையே இல்லை. அந்த அணியை ஆடுகிறவர்தான் பால். அவனுடைய தெய்வீகமான 'க்விஸாட்ஸ் ஹாடராக்' நிலைக்கும் ஒரு விதி உண்டு. சண்டைகளில் தன் படையில் ஏழு பேரைப் பலிகொடுத்த பிறகுதான் அது விழிக்கும். விழித்தால் ஒரு சண்டையில் கூடுதலாக 2 புள்ளி. ஃப்ரெமன் தலைவன் ஸ்டில்கர் சும்மா வந்து நின்றாலே 7. பல்லாயிரம் ஆண்டு இனக்கலப்புத் திட்டத்தின் உச்சம், பிரபஞ்சத்தின் மீட்பர், வெறும் இரண்டு புள்ளி!

துரோகமும் அப்படித்தான். தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் நான்கு தளபதிச் சீட்டுகள் வரும். அதில் ஒருவரைத் தனக்கு விலைபோனவராக வைத்துக்கொள்ளலாம். ஹார்க்கோனன் மட்டும் நான்கு பேரையும் வைத்துக்கொள்ளும். இன்றைய ஆட்டத்தில் யூவே கடைசிவரை விசுவாசமாக இருக்கலாம், ஜெஸிக்கா காட்டிக்கொடுக்கலாம். கூட்டணி சேரவும் முறிக்கவும் மணற்புழுச் சீட்டு வெளிவர வேண்டும். அதுவரை பிடிக்காத கூட்டாளியோடு பல்லைக் கடித்துக்கொண்டு குடித்தனம் நடத்த வேண்டும்.

இந்த மேஜையில் ஹார்க்கோனன் ஆடுகிறவருக்குத் தான் வில்லன் என்ற எண்ணமே வராது. அவர் கையில் சீட்டு நிறைய, எதிரே ஒருவன் எல்லாவற்றையும் எட்டிப் பார்க்கிறான், எரிச்சலாக இருக்கிறது. பேரரசருக்கு வரவு செலவுக் கவலை. கில்டுக்கு யாரும் சீக்கிரம் ஜெயித்துவிடக் கூடாது, ஏனென்றால் கடைசிவரை யாருமே ஜெயிக்காவிட்டால் பெரும்பாலும் வெற்றி அவர்களுக்குத்தான். அந்த ஐந்து நாற்காலிகளிலிருந்து பார்த்தால் பால் மீட்பரில்லை. கூடுதல் தகவலோடு எதிரே உட்கார்ந்திருக்கும் இன்னொரு போட்டியாளன். இரண்டு நாவல்கள் எழுதியும் ஹெர்பர்ட்டால் பல வாசகர்களுக்குப் புரியவைக்க முடியாததை, நாற்காலி மாறி உட்கார்வது ஒரே மாலையில் செய்துவிடுகிறது.

அந்த விளையாட்டு பிற்பாடு அச்சிலிருந்து போனது. 1998-ல் அவலான் ஹில்லையே ஹாஸ்ப்ரோ வாங்கியது. ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. வரைபடத்தையும் சீட்டுகளையும் தாங்களே வடிவமைத்து, வீட்டில் அச்சிட்டு, வெட்டி ஒட்டி ஆடினார்கள். 2012-ல் ஃபேன்டஸி ஃப்ளைட் நிறுவனம் டியூன் பெயர் கிடைக்காத நிலையில், அதே விதிகளைத் தன் சொந்தக் கற்பனை உலகத்துக்கு மாற்றி 'ரெக்ஸ்' என்று வெளியிட்டது. பாலைவனப் புயல் இருந்த இடத்தில் குண்டு போடும் கப்பற்படை. இயந்திரம் நன்றாகவே ஓடியது, ஆனால் எங்கே மணல் என்று கேட்டார்கள் பழைய ரசிகர்கள். 2019-ல் கேல் ஃபோர்ஸ் நைன் வழியாக டியூன் தன் பெயரோடு திரும்பி வந்தபோது அந்தக் குறை தீர்ந்தது. மணல் வேண்டும் என்று அவர்கள் கேட்டது வெறும் ஏக்கத்தால் இல்லை என்று நினைக்கிறேன். பாலை ஏற்கெனவே நேசித்தவருக்குத்தான் அந்த இரண்டு புள்ளி சுருக்கென்று தைக்கும். டியூன் படிக்காதவருக்கு அது வெறும் எண்.

விளையாட்டுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. மூன்றாவது கோட்டை விழுந்ததும் அட்டைகளைப் பெட்டிக்குள் போட்டு மூடிவிடுகிறோம். வென்றவர் அடுத்த நாள் என்ன செய்தார் என்பதற்கு விதி எதுவும் கிடையாது. அந்த 6,100 கோடி பேர் வருவது அதற்குப் பிறகுதான். அவர்களைப் பார்க்க நாவலுக்கே, அதுவும் கேம்பெல் திருப்பி அனுப்பிய அந்த இரண்டாம் பாகத்துக்கே போக வேண்டும். நம்மில் பலர் முதல் பாகத்தோடு நிறுத்திக்கொண்டவர்கள். ஒரு தடவை ஹார்க்கோனனாக ஆடித் தோற்றுவிட்டு அதை எடுத்துப் படித்துப் பாருங்கள்.