குற்றக் கூண்டில் தாய்

கூண்டிலே ஒரு தாய் நிற்கிறாள். அவள்மீது குற்றம் சாட்டியவன் பூசாரி அல்லன். முற்பிறப்பின் பாவம் என்று ஏடு புரட்டும் சோதிடனும் அல்லன். மருத்துவர்! பல்கலைக் கழகப் பேராசிரியர்! அவள் அன்பு காட்டவில்லை, நெஞ்சம் பனிக்கட்டி, ஆதலால்தான் மகன் பேசவில்லை என்பது குற்றப் பத்திரிகை. இருண்ட காலத்துக் கதையன்று இது. இருபதாம் நூற்றாண்டின் அமெரிக்காவில் நடந்தது.

ஆட்டிசம் என்று உலகம் அழைப்பதை மதியிறுக்கம் என்கிறோம். பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய லியோ கன்னர், 1943-இல் 11 குழந்தைகளைப் பற்றி ஆய்வுரை வெளியிட்டார். பிறரோடு ஒட்டாமல் தனிமையை நாடிய பிள்ளைகள். சுற்றிலும் எதுவும் மாறக் கூடாதென்று அடம் பிடித்த பிள்ளைகள். இது பிறவியிலேயே அமைந்தது என்றுதான் அன்று அவர் முடித்தார். அவர்களுள் முதல்வன், மிசிசிப்பி மாநிலத்து டொனால்டு டிரிப்லெட். மகனைப் பற்றி அவன் தந்தையாகிய வழக்கறிஞர் 33 பக்கக் கடிதம் எழுதினார். அதில் மலிந்து கிடந்த நுணுக்கங்கள் கன்னரை வியக்க வைத்தன. மற்றப் பெற்றோரிலும் பலர் மெத்தப் படித்தவர், கலகலப்பற்றவர் எனக் கண்டார்.

கண்டது இருக்கட்டும், கொண்ட பொருள் என்ன? தந்தைக்கும் மகனுக்கும் மூக்கு ஒன்றுபோல் நீண்டிருந்தால், தந்தை பிடித்து இழுத்ததால் மகன் மூக்கு நீண்டது என்றா கூறுவோம்? அப்படித்தான் கூறினர்! 1949-இல் கன்னரே, உறைபனி உருகாத குளிர்பெட்டியில் வைக்கப்பட்ட பிள்ளைகள் என்று உவமை சொன்னார். உவமை ஓடிற்று, உண்மை பின்தங்கிற்று. 'குளிர்பெட்டித் தாய்' என்ற பட்டம் பிறந்தது. சிகாகோவில் சிறுவர் பள்ளி நடத்திய புரூனோ பெட்டல்ஹைம் இன்னும் மேலே போனார். நாஜிச் சிறை முகாமில் வாடியவர் அவர். 1967-இல் வெளியிட்ட நூலில், இப்பிள்ளைகளின் நிலையை முகாம் கைதிகளின் நிலையோடு ஒப்பிட்டார். கைதி பிள்ளையென்றால் காவலர் யார்? பெற்ற தாய்! பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிப்பதே மருந்தென்றனர்.

எதிர்த்து எழுந்தவர் ஒரு தகப்பனார். அமெரிக்கக் கடற்படையில் உளவியலாளராக இருந்த பெர்னார்டு ரிம்லண்டு, தம் மகனுக்காக நூலகம் நூலகமாகத் தேடினார். 1964-இல் நூல் எழுதினார். அதே தாயின் மற்றப் பிள்ளைகள் பேசிச் சிரிக்கின்றனவே, அது எப்படி என்று கேட்டார். விடையில்லை. அந்நூலுக்கு முன்னுரை வழங்கியவர் கன்னர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1969-இல் பெற்றோர் மாநாட்டில் நின்று, உங்களைக் குற்றத்தினின்றும் விடுவிக்கிறேன் என்று அவர் அறிவித்தார். தீர்ப்பைத் திருத்தும் துணிவு அவருக்கு இருந்தது.

சான்று வந்தது 1977-இல். பிரிட்டனில் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தனர். ஒரே கருவினின்று பிரிந்தவர் 11 இணை. இரு கருவினர் 10 இணை. முன்னவரில் 4 இணைகளில் இருவருக்குமே ஆட்டிசம். பின்னவரில் ஒன்றிலும் இல்லை. பேச்சுத் தாமதம் போன்ற குறைகளையும் சேர்த்துப் பார்த்தால் 11-இல் 9, 10-இல் 1. ஒரே வீடு, ஒரே தாய், ஒரே தாலாட்டு. மாறியது மரபு ஒன்றே! பின்னர் 2011-இல், ஆட்டிசமுள்ள அண்ணனையோ அக்காளையோ உடைய 664 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்ததில், நூற்றுக்கு ஏறத்தாழ 19 பேருக்கு அது இருந்தது. 2019-இல் ஐந்து நாடுகளின் 20 லட்சம் குழந்தைகளின் பதிவேடுகளை ஆய்ந்தோர், மரபின் பங்கு ஏறத்தாழ 80 விழுக்காடு என்றனர்.

இவ்விடத்தில் நம் தோழர்கள் சற்று நிதானிக்க வேண்டும். 80 விழுக்காடு என்றால், ஆட்டிசமுள்ளவர் பெறும் பிள்ளைகளில் நூற்றுக்கு 80 பேருக்கு அது வரும் என்று பொருளன்று. மக்களிடையே காணும் வேறுபாட்டில் மரபுக்கு உள்ள பங்கு அது. தனி ஒருவரின் சாதகக் கட்டமன்று. ஒன்றல்ல, நூற்றுக்கணக்கான மரபணுக்கள் இதில் கலந்துள்ளன. பெற்றோர் இருவரிடமும் இல்லாத மாற்றம், விந்திலோ முட்டையிலோ புதிதாகத் தோன்றிப் பிள்ளையிடம் வருவதுமுண்டு. ஏழு தலைமுறையைத் தோண்டினாலும் அதன் வேர் கிடைக்காது.

மரபு என்ற சொல்லுக்குக் கறையும் உண்டு. கன்னருக்கு அடுத்த ஆண்டே, 1944-இல், வியன்னாவின் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் இத்தகைய சிறுவரைப் பற்றி எழுதினார். அவர்தம் பெற்றோரிடமும் அதே இயல்புகள் உண்டென்றார். அந்நகரத்து ஸ்பீகல்குருண்டு நிலையத்தில்தான் ஏறத்தாழ 800 குழந்தைகள் நாஜிகளின் ஆட்சியில் மாண்டனர். அங்கே சில பிள்ளைகளை அனுப்பியவர் ஆஸ்பெர்கர் என்பதை, 2018-இல் ஹெர்விக் செக் என்ற வரலாற்றாசிரியர் ஆவணங்களோடு காட்டினார். மரபென்று சரியாகக் கண்டவரும் மனிதனைக் காணத் தவறினார்.

டொனால்டு என்ன ஆனான்? மூன்று வயதில் அவனை விடுதியொன்றில் சேர்க்கச் சொன்னார்கள் மருத்துவர்கள், சேர்த்தனர். ஓராண்டில், தடுத்தவர் சொல் கேளாமல், தாயும் தந்தையும் அவனை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டனர். அவன் கல்லூரியில் பட்டம் பெற்றான், ஊர் வங்கியில் வேலை பார்த்தான், கோல்ஃப் ஆடினான், பல நாடுகள் சுற்றினான். 2023-இல், தன் 89-ஆம் வயதில், சொந்த ஊரிலேயே மறைந்தான்.